10 ஆண்டு என்று தொடங்கி 49 ஆண்டு நீண்ட அகராதி: ஜேம்ஸ் மரேயின் பணி பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

எதற்காக இந்த ஆய்வு

ஸ்காட்லாந்துச் சிற்றூர் ஒன்றில் தையல்காரரின் மகனாகப் பிறந்து, 14 வயதோடு பள்ளியை விட்டு நின்றவர் ஜேம்ஸ் மரே. பின்னாளில் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி என்று பெயர் பெற்ற நூலை 36 ஆண்டுகள் தொகுத்தவரும் அவரே. பலர் கைமாறிக் குலைந்து கிடந்த ஒரு கூட்டு வேலையை அவர் எந்த நிலையில் பெற்றுக்கொண்டார், என்னென்ன முடிவுகளை எடுத்தார், அவற்றில் எவை பலித்தன, எவை அவருடைய உடலையும் குடும்பத்தையும் வருத்தின என்பதை இங்கே பார்க்கிறேன். தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொண்டு நீண்ட காலத் தொகுப்பு வேலையில் இறங்குகிறவர்கள் கூர்ந்து பார்க்க வேண்டிய நிகழ்வு இது. ஆசிரியர்களையும் பொதுவாழ்வில் அறியப்பட்ட சிலரையும் மட்டுமே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறேன். வாசகத் தொண்டர்களையும் துணைத் தொகுப்பாளர்களையும் பெயரின்றியே விட்டிருக்கிறேன்.

பின்னணி: 1857 முதல் 1878 வரை

1857 நவம்பரில் லண்டன் மொழிநூல் கழகத்தில் ரிச்சர்டு டிரெஞ்ச் என்ற சமய அறிஞர், அன்றைய ஆங்கில அகராதிகளின் குறைகளைப் பற்றி உரையாற்றினார். அகராதி தொகுப்பவர் மொழியின் வரலாற்றாசிரியராக இருக்க வேண்டும், இது நல்ல சொல், இது ஆகாத சொல் என்று தீர்ப்புச் சொல்வது அவர் வேலையல்ல என்பது அவர் வாதத்தின் சாரம். ஒவ்வொரு சொல்லும் எழுத்தில் எப்போது முதலில் வந்தது, அதன் பொருள் எப்படி மாறியது, எப்போது வழக்கொழிந்தது என்பதை ஆண்டு குறித்த மேற்கோள்களால் காட்ட வேண்டும். அப்படியானால் பல நூற்றாண்டு நூல்களை வரிவரியாகப் படிக்க வேண்டும். ஒருவரால் ஆகிற காரியமல்ல என்பதால் தொண்டர்களை அழைப்பது என்று கழகம் முடிவு செய்தது.

முதல் ஆசிரியர் ஹெர்பர்ட் கோல்ரிட்ஜ். தொண்டர்கள் சொல்லையும் மேற்கோளையும் எழுதி அனுப்பும் சீட்டுகளை அடுக்கி வைக்க 54 சிற்றறைகள் கொண்ட ஒரு பெட்டி செய்து வைத்துக்கொண்டார். 1861இல், 30 வயதில், காசநோயால் இறந்துபோனார். பொறுப்பு பிரெடெரிக் பர்னிவாலிடம் வந்தது. ஊக்கத்துக்கு அவரிடம் குறைவே இல்லை. பழைய ஆங்கில நூல்கள் அச்சில் இல்லாமல் அவற்றிலிருந்து மேற்கோள் எடுக்க முடியாது என்று உணர்ந்து, அவற்றைப் பதிப்பிக்கவே 1864இல் தனிக் கழகம் தொடங்கினார். அகராதிக்கு அது பெரிய உதவி. ஆனால் அவர் கவனம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது. எழுத்து வாரியாகச் சீட்டுகளைப் பகிர்ந்து பெற்ற துணைத் தொகுப்பாளர்களில் சிலர் இறந்தார்கள், சிலர் ஊர் மாறினார்கள், சிலர் சலித்துப்போய் மூட்டை கட்டி வைத்துவிட்டார்கள். யாரிடம் எது இருக்கிறது என்ற முழுப் பட்டியல் எங்கும் இல்லை.

இந்தச் சரிவு நடந்துகொண்டிருந்த காலத்தில் மரே வேறெங்கோ இருந்தார். 1837இல் ஹாவிக் நகருக்கு அருகிலுள்ள டென்ஹோம் என்ற ஊரில் பிறந்தவர். 17 வயதில் துணை ஆசிரியர், 20 வயதில் தலைமையாசிரியர். ஹாவிக்கின் தொல்லியல் கழகத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். கல்வெட்டு, செடிகொடி, பேச்சு வழக்கு எதைக் கண்டாலும் குறித்து வைப்பவர். முதல் மனைவியின் நோய்க்காக 1864இல் லண்டனுக்குக் குடிபெயர்ந்து, இந்தியாவோடு வணிகம் செய்த வங்கி ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்தார். மறு ஆண்டே மனைவி இறந்தார். பிரித்தானிய அருங்காட்சியகத்தில் வேலை கேட்டு, தாம் அறிந்த மொழிகளையெல்லாம் பட்டியலிட்டு விண்ணப்பித்தார். கிடைக்கவில்லை. 1870இல் மில் ஹில் பள்ளியில் ஆசிரியரானார். 1873இல் தென் ஸ்காட்லாந்து வட்டார வழக்கைப் பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. மறு ஆண்டு எடின்பரோ பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது.

அகராதிக்கு அவரைத் தயாரித்தது அந்த வட்டார வழக்கு நூல்தான் என்பது என் கணிப்பு. ஓர் ஒலி எந்த ஊர் எல்லையில் மாறுகிறது, ஒரு வடிவம் எந்த நூற்றாண்டு ஆவணத்தில் தென்படுகிறது என்று சான்றோடு மட்டுமே பேசும் பழக்கம் அதில் படிந்திருக்கிறது. ஊக்கம் மிகுந்த மனிதர்கள் கழகத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். கழகத்துக்கு அப்போது தேவைப்பட்டது இந்தப் பழக்கம்.

ஒப்பந்தம்: 1879 மார்ச் 1

நீண்ட பேச்சுக்குப் பிறகு ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம், மரேயை ஆசிரியராகக் கொண்டு அகராதியை வெளியிட ஒப்புக்கொண்டது. 4 தொகுதிகள், ஏறக்குறைய 7,000 பக்கங்கள், 10 ஆண்டுகள். அதற்கென ஒதுக்கிய 9,000 பவுண்டிலிருந்தே ஆசிரியர் தம் ஊதியத்தையும் எடுத்துக்கொண்டு, உதவியாளர்களுக்கும் கூலி தர வேண்டும். மரே பள்ளி வேலையை விடவில்லை. அகராதியை மீதி நேரத்தில் செய்துவிடலாம் என்ற எண்ணம் எல்லோரிடமும் இருந்தது.

ஒப்பந்தத்துக்கு முன் மாதிரிப் பக்கங்கள் தயாரித்துப் பார்த்தார்கள். பதிவு எப்படி அமையும் என்பதை அவை காட்டின. எத்தனை நாளாகும் என்பதை அவற்றால் காட்ட முடியவில்லை, ஏனென்றால் சீட்டுகளின் உண்மை நிலை அப்போது யாருக்கும் தெரியாது.

மூட்டைகளைப் பிரித்தபோது கண்டவை

பர்னிவால் அனுப்பியவை இரண்டு டன்னுக்குச் சற்றுக் குறைவு. சாக்குகளிலும் கூடைகளிலும் பெட்டிகளிலும் வந்தன. ஒரு சாக்கில் செத்த எலி கிடந்தது. இன்னொன்றில் சுண்டெலி குட்டி போட்டிருந்தது. பல சீட்டுகளின் கையெழுத்து மங்கிப்போயிருந்தது.

வராத எழுத்துகளைத் தேட வேண்டியதாயிற்று. ‘எச்’ எழுத்துக்கான சீட்டுகள் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில், அமெரிக்கத் தூதராக இருந்த ஒருவரிடம் இருந்தன. ‘பி’ (P) எழுத்தின் தொடக்கப் பகுதி அயர்லாந்தின் கவன் மாவட்டத்தில் ஒரு குதிரை லாயத்தில் கிடைத்தது. அதற்குள் ஒரு பங்கை அடுப்பு மூட்டப் பயன்படுத்திவிட்டிருந்தார்கள்.

தொலைந்தவற்றைக் காட்டிலும் பெரிய பழுது ஒன்று கைக்குக் கிடைத்தவற்றிலேயே இருந்தது. முந்தைய தொண்டர்கள் தம் கண்ணில் பட்ட அரிய சொற்களை மட்டும் விரும்பி எடுத்திருந்தார்கள். தினமும் வாயில் புழங்கும் சொற்களை யாரும் பொருட்படுத்தவில்லை. ‘அப்யூஷன்’ என்ற வழக்கொழிந்த சொல்லுக்கு ஏறத்தாழ 50 சீட்டுகள் இருந்தன, ‘அப்யூஸ்’ என்ற சாதாரணச் சொல்லுக்கு ஐந்துகூடத் தேறவில்லை. இதை மரே கழகத்துக்கு வெளிப்படையாகவே அறிக்கையிட்டார். தொண்டர்கள் சோம்பலாக இருந்ததால் வந்த பழுதல்ல இது. அவர்களுக்குத் தந்த அறிவுறுத்தல் அப்படி இருந்தது. இந்த நிகழ்வில் மற்றவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே என்று நினைக்கிறேன்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மரே எடுத்த முதல் முடிவு, மீண்டும் பொதுமக்களிடம் போவது. 1879 ஏப்ரலில் ஆங்கிலம் பேசும், படிக்கும் அனைவருக்குமான வேண்டுகோள் ஒன்றை அச்சிட்டு அனுப்பினார். 1,000 வாசகர்கள் மூன்று ஆண்டுகள் உழைத்தால் குறைகள் தீரும் என்று அதில் கேட்டார். அதோடு போன அறிவுறுத்தல்தான் முக்கியமானது. அரிதான, பழைய, புதிய, வினோதமாகப் பயன்படும் சொற்களை எடுக்கச் சொன்னதோடு, பொதுச் சொற்களுக்கும் அவை தெளிவாகப் பொருள்படும் இடங்களிலிருந்து இயன்றவரை மேற்கோள் எடுக்கச் சொன்னார். சீட்டின் அளவு, தலையில் சொல், அடுத்து ஆண்டு, ஆசிரியர், நூல், பக்கம், பிறகு மேற்கோள் என்ற வரிசையையும் வகுத்துக் கொடுத்தார். யார் எந்த நாட்டிலிருந்து அனுப்பினாலும் ஒரே அடுக்கில் பொருந்த வேண்டும் என்பது கணக்கு.

அடுத்து இடம். மில் ஹில்லில் தம் வீட்டு முன்றிலில் நெளிதகட்டுக் கொட்டகை ஒன்று போட்டார். ‘ஸ்கிரிப்டோரியம்’ என்று அதற்குப் பெயர். உள்ளே 1,029 சிற்றறைகள். கோல்ரிட்ஜின் 54 அறைகளோடு ஒப்பிட்டால், வேலையின் அளவைப் பற்றிய மதிப்பீடு எவ்வளவு மாறியிருந்தது என்று புரியும். சீட்டுகளை முதலில் அகர வரிசைக்குக் கொண்டுவரும் வேலையில் மரேயின் பிள்ளைகளும் பங்கெடுத்தார்கள். அவருக்கு இரண்டாம் திருமணத்தில் 11 பிள்ளைகள். கொஞ்சம் கைக்காசு கிடைக்கும் என்பதால் ஒருவர் பின் ஒருவராக அந்த மேசைக்கு வந்தார்கள். மனைவி ஏடா மரே கணக்குகளையும் கடிதப் போக்குவரத்தின் ஒரு பங்கையும் பார்த்துக்கொண்டார்.

தொண்டர்களிடம் அவர் நடந்துகொண்ட முறையும் ஒரு முடிவுதான். சந்தேகம் வந்தால் துறை அறிந்தவருக்கே கடிதம் எழுதினார். தாவரத்தின் பெயர் என்றால் தாவரவியலாளருக்கு, கவிதையில் வந்த சொல் என்றால் அந்தக் கவிஞருக்கு. கொலை வழக்கில் சிக்கி மனநோய்க் காப்பகத்தில் அடைபட்டிருந்த அமெரிக்க இராணுவ மருத்துவர் ஒருவர், அறையில் இருந்த நூல்களுக்கெல்லாம் தாமே சொல்லடைவு செய்து வைத்துக்கொண்டு, இப்போது எந்தச் சொல்லில் வேலை நடக்கிறது என்று கேட்டு அதற்கேற்ப மேற்கோள்களை அனுப்பிவந்தார். தேவை அறிந்து வந்த அந்தச் சீட்டுகள் தொகுப்பாளர்களின் மேசைக்கு நேராகவே பயன்பட்டன.

கீழைநாட்டுச் சொற்களையும் இதே கறார்த்தன்மையோடு பார்த்தார்கள். கறி, சுருட்டு, கட்டுமரம் ஆகியவற்றிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள் மரே தாமே தொகுத்த ‘சி’ எழுத்தில் வருகின்றன. கப்பல் பயணிகளும் வணிகர்களும் எழுதி வைத்த வரிகள் ஆண்டு வாரியாக அவற்றின் கீழே நிற்கின்றன.

முதல் பகுதி: 1884

ஐந்து ஆண்டு உழைப்புக்குப் பிறகு 1884 தொடக்கத்தில் முதல் பகுதி வெளிவந்தது. 352 பக்கங்கள். ‘ஏ’ எழுத்தில் தொடங்கி ‘ஆன்ட்’ (Ant) என்ற சொல்லோடு நின்றுவிட்டது. 10 ஆண்டில் பாதி போயிருந்தது.

அதற்கு முன்பே உரசல் வந்திருந்தது. 1883இல் பல்கலைக்கழகத் துணைவேந்தரும் அச்சகக் குழுவின் தலைவருமாயிருந்த பெஞ்சமின் ஜோவெட், மேற்கோள்களைப் பெரிய எழுத்தாளர்களிடமிருந்தே எடுக்க வேண்டும், செய்தித்தாள் வரிகள் கூடாது என்பன போன்ற திருத்தங்களை முன்வைத்தார். மரே இணங்கவில்லை. ஒரு சொல் முதலில் செய்தித்தாளில் வந்திருந்தால் அதன் வரலாறு அங்கேதான் தொடங்குகிறது. பதவி விலகுவதாகச் சொல்லும் அளவுக்குப் போனார். குழு பின்வாங்கியது. பிற்காலத்தில் ஜோவெட் அவருக்கு நல்ல நண்பரானார் என்பதையும் சொல்ல வேண்டும். மரேயின் முடிவுகளில் மிகச் சரியானது இது. விட்டுக்கொடுத்திருந்தால் பணி வேகமாக முடிந்திருக்கலாம், ஆனால் டிரெஞ்ச் கேட்ட வரலாறு அதில் இருந்திருக்காது.

ஆக்ஸ்போர்டில்: 1885 முதல்

பள்ளி வேலையை விட்டுவிட்டு 1885இல் மரே குடும்பத்தோடு ஆக்ஸ்போர்டு வந்தார். பேன்பரி சாலை வீட்டின் தோட்டத்தில் புதிய கொட்டகை எழுந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் பார்வையை மறைக்கிறது என்ற புகாரால் தரையைத் தோண்டிப் பள்ளத்தில் இறக்க வேண்டியதாயிற்று. ஈரமும் குளிரும் அதில் குடியேறின. குளிர்காலத்தில் தடித்த மேலங்கியோடு அமர்ந்து, கால்களைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு எழுதினார். சளியும் நிமோனியாவும் திரும்பத் திரும்ப வந்தன. வரும் கடிதங்களும் போகும் கடிதங்களும் பெருகவே அஞ்சல் துறை அவர் வீட்டு வாசலிலேயே ஒரு பெட்டி நட்டது.

அச்சகத்தின் அழுத்தம் விடவில்லை. 1884இல் முதல் பகுதிக்கு நுட்பமான மதிப்புரை எழுதிக் கவனம் ஈர்த்த ஹென்றி பிராட்லி, முதலில் உதவியாக வந்து, 1888இல் ‘இ’ (E) எழுத்திலிருந்து தனிப்பொறுப்புடன் இரண்டாவது ஆசிரியரானார். ஸ்காட்லாந்தின் டண்டியில் பிறந்த வில்லியம் கிரெய்கி 1901இல் மூன்றாவது ஆசிரியர், 1914இல் சார்லஸ் ஆனியன்ஸ் நான்காவது. இடையில் 1896இல் அகராதியின் பருமனை அமெரிக்காவின் வெப்ஸ்டர் அகராதியோடு ஒப்பிட்டு வரம்பு கட்ட அச்சகம் முனைந்தது. மீண்டும் வாக்குவாதம், மீண்டும் பணி தொடர்ந்தது.

மறு ஆண்டு அகராதி விக்டோரியா அரசிக்குக் காணிக்கையாக்கப்பட்டது. அதன்பின் நிறுத்திவிடும் பேச்சுக்கு வலுவில்லாமல் போயிற்று. மரே 1908இல் சர் பட்டம் பெற்றார். அவர் 30 ஆண்டுகள் வாழ்ந்து உழைத்த நகரின் பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் தந்தது 1914இல்தான்.

விடுபட்டவை

எந்த முறையும் ஓட்டையில்லாமல் இருப்பதில்லை. அடிமைப் பெண்ணைக் குறிக்கும் ‘பாண்ட்மெய்ட்’ என்ற சொல்லின் சீட்டுகள் எங்கோ தவறிப்போய், அந்த எழுத்துக்கான தொகுதி அது இல்லாமலே அச்சேறியது. 1933 பின்னிணைப்பில்தான் இடம்பெற்றது. குடல்வால் அழற்சிக்கான ‘அப்பென்டிசைட்டிஸ்’ என்ற சொல், மருத்துவர்களின் தனிச்சொல் என்று கருதப்பட்டு ஒதுக்கப்பட்டது. 1902இல் அதே நோயால் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழா தள்ளிப்போனபோது அது ஊரெல்லாம் ஒலித்தது. ‘ஆப்பிரிக்கன்’ என்ற சொல் இடப்பெயரிலிருந்து வந்தது என்ற விதிப்படி விடப்பட்டது. சில பக்கங்கள் தள்ளி ‘அமெரிக்கன்’ சேர்க்கப்பட்டது.

மூன்றும் மூன்று வகைப் பிழைகள். முதலாவது தாள் கையாளுதலில் வந்தது. இரண்டாவது, ஒரு துறைச் சொல் எவ்வளவு விரைவில் பொதுச்சொல்லாகும் என்பதைக் கணிக்காததால் வந்தது. மூன்றாவதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. விதி நடுவே மாறியது, மாறுவதற்கு முன் அச்சான பக்கங்கள் அப்படியே நின்றன. பகுதி பகுதியாக வெளியிடும் எந்த வேலைக்கும் இந்த ஆபத்து உண்டு.

1915 முதல் 1928 வரை

1917இல் தம் 80ஆவது பிறந்தநாளுக்குள் முடித்துவிட வேண்டும் என்பது மரேயின் விருப்பம். முதல் உலகப் போர் இளம் உதவியாளர்களைக் கொண்டுபோயிற்று. ‘டி’ (T) எழுத்தில் வேலை நடந்துகொண்டிருந்தபோது, 1915 ஜூலை 26 அன்று, நுரையீரல் உறை அழற்சியால் 78 வயதில் மரே இறந்தார். அகராதியில் ஏறக்குறையப் பாதியை அவரே தொகுத்திருந்தார். பிராட்லி 1923இல் மறைந்தார். கிரெய்கியும் ஆனியன்சும் முடித்தார்கள்.

‘எக்ஸ்’, ‘ஒய்’, ‘இசட்’ மூன்றும் முன்பே வந்துவிட்டதால், கடைசியாக 1928 ஏப்ரல் 19 அன்று வெளிவந்தது ‘டபிள்யூ’ எழுத்தின் இறுதிப் பகுதி. 4,14,825 சொற்கள், 18,27,306 மேற்கோள்கள். மதிப்பிட்ட 7,000 பக்கங்கள் 15,000ஐத் தாண்டியிருந்தன. 10 ஆண்டு 49 ஆகியிருந்தது.

நான் மாற்றச் சொல்வேன் என்றால்

ஒப்பந்தத்துக்கு முன் மூட்டைகளைப் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும். இதில் எனக்கு ஐயமே இல்லை. ஒரு சிறு எழுத்தை முழுவதும் முடித்துப் பார்த்துவிட்டுக் காலம் குறித்திருந்தால், அச்சகமும் மரேயும் 30 ஆண்டுகள் ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டிருக்க நேர்ந்திருக்காது.

ஊதியமும் உதவியாளர் கூலியும் ஒரே தொகையில் இருந்திருக்கக் கூடாது. ஆள் எடுத்தால் வீட்டுச் செலவுக்குக் குறையும், எடுக்காவிட்டால் வேலை தேங்கும் என்ற நெருக்கடியை அது உண்டாக்கியது. ஆசிரியரின் பிள்ளைகள் சீட்டு அடுக்கியதை உருக்கத்தோடு சொல்வது வழக்கம். ஒரு பல்கலைக்கழக அச்சகம் போதிய ஆள் கொடுக்கவில்லை என்பதையும் அதே வாக்கியத்தில் சொல்ல வேண்டும்.

இரண்டாவது ஆசிரியர் ஒன்பதாவது ஆண்டில் வந்தார். தொடக்கத்திலேயே வந்திருக்கலாம்.

பெண்களின் உழைப்பைக் கணக்கில் எழுதியிருக்க வேண்டும். மேற்கோள் அனுப்பியவர்களிலும் மெய்ப்புப் பார்த்தவர்களிலும் சம்பளத்துக்குப் பல ஆண்டுகள் உழைத்தவர்களிலும் பெண்கள் இருந்தார்கள். ஆசிரியர்களின் மகள்களும் அதில் உண்டு. 1928 ஜூனில் லண்டனில் பிரதமர் ஸ்டான்லி பால்ட்வின் பேசிய நிறைவு விருந்தில் பந்தி ஆண்களுக்கு மட்டும். அழைக்கப்பட்ட மூன்று பெண்கள் மேல்மாடத்தில் அமர்ந்து பார்த்தார்கள்.

பின்தொடர்ந்த நிகழ்வு

இந்த அனுபவத்தை நேரில் கண்ட கிரெய்கி, எல்லா நூற்றாண்டுகளையும் ஒரே அகராதியில் அடக்க முயலாமல் காலத்துக்கு ஒன்று, நாட்டுக்கு ஒன்று எனப் பிரிக்க வேண்டும் என்று 1919இல் முன்மொழிந்தார். பழைய ஸ்காட்லாந்து மொழிக்கான அகராதியைத் தாமே தொடங்கினார். அதன் முதல் பகுதி 1931இல் வந்தது. எல்லையைச் சுருக்கியும் காலம் சுருங்கவில்லை, 12ஆம் தொகுதி வெளிவந்தது 2002இல். ஆனால் ஒரு மாற்றம் தெரிகிறது. 1948இல் உதவியாளராகச் சேர்ந்த ஏ. ஜே. ஐட்கனிடம் 1950களின் நடுவில், தாம் உயிரோடு இருக்கும்போதே கிரெய்கி பொறுப்பை ஒப்படைத்தார். கோல்ரிட்ஜின் மரணத்துக்குப் பின் சீட்டுகள் லாயத்துக்கும் சாக்குக்கும் போனது போன்ற நிலை இந்த அகராதிக்கு நேரவில்லை.